பேன் நோட்டில் விட்டுப்போன கட்டம்

7.6.1983 — 63
10.6.1983 — 38
13.6.1983 — 11
16.6.1983 — 2
19.6.1983 — 0
22.6.1983 — 0
25.6.1983 — 0
28.6.1983 — 4
1.7.1983 — 7
4.7.1983 — 5
7.7.1983 — 9

இவை என் வீட்டில் மூன்று தலைகளிலிருந்து சீவி எடுத்த பேன்களின் எண்ணிக்கை. சீவியவள் என் மனைவியின் தங்கை. எண்ணி எழுதியவன் நான். எண்களில் தவறு இல்லை. தவறு வேறு இடத்தில் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மைத்துனி ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கைவிரிப்பு மடிப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. விரிப்பை இருவர் எதிரெதிரே நின்று பிடித்து, ஒரு உதறு உதறி, நடந்து வந்து நுனியோடு நுனி சேர்ப்பதுதான் முறை. துணைக்கு ஆள் வராத நாளில் அவள் ஓர் ஓரத்தை முகவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தனியாகவே மடித்து அடுக்கிவிடுவாள். வீட்டில் கொடியிலிருந்து துணி எடுக்கும்போது யார் பக்கத்தில் நின்றாலும் கேட்காமலே அவர்கள் கையில் இரண்டு முனைகளைக் கொடுத்துவிடுவாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் ஒருமுறை மூன்று விரிப்பு மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். "நல்ல மனுஷன், ஆனா மூலை சேரல" என்று அவர் வாசல் தாண்டுவதற்குள் சொன்னாள்.

என் மனைவி 12.10.1979 அன்று இறந்தாள். மூத்த மகளுக்கு அப்போது எட்டு வயது, இளையவளுக்கு நான்கு. பதினைந்து நாள் கழித்து மைத்துனி ஒரு பெட்டியோடு வந்து, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன் அத்தான்" என்றாள். மூன்று ஆண்டு, எட்டு மாதம், பத்தொன்பது நாள் இருந்தாள். வந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. அக்காவைப் போலவே இடுப்புவரை முடி.

நான் நகரத்தின் நீரேற்று நிலையத்தில் அளவுப் பதிவாளன். மணிக்கு ஒருமுறை அழுத்தமானியைப் படித்து எழுதுவது என் வேலை. எங்கள் நிலையத்தில் ஒருவர் படித்ததை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாத அளவு அளவே அல்ல. இருபது ஆண்டுப் பழக்கத்தில் அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன்.

1983 ஜூன் மாதம் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. வகுப்பில் பேன் பரவியிருக்கிறது, வீட்டில் கவனிக்கவும் என்று இரண்டு வரி. அடுத்த வீட்டுத் தையற்காரி மண்ணெண்ணெய் தேய்க்கச் சொன்னாள்.

"மண்ணெண்ணெய் ஊத்த இது என்ன, அடுப்பா?" என்றாள் மைத்துனி. "தண்ணியும் சீப்பும் போதும். பொறுமைதான் வேணும். அது எங்க அத்தான்கிட்ட கொள்ளையா இருக்குன்னு எங்க அக்கா சொல்லுவா." கடைசி வாக்கியம் தையற்காரிக்கு அல்ல, எனக்கு. என்னைக் கேலி செய்ய வேண்டுமென்றால் அக்கா பெயரில்தான் செய்வாள்.

அவள் முறை இது. தலையை நன்றாக நனைத்து, எண்ணெய் தடவி, முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுப்பாள். பிறகு நான்கு பாகமாகப் பிரித்துக் கட்டி, ஒவ்வொரு பாகத்தையும் வேரிலிருந்து நுனிவரை பேன்சீப்பால் சீவுவாள். ஒரு இழுப்பு முடிந்ததும் சீப்பை வெள்ளைத்தாளில் துடைப்பாள். முடியில் ஒட்டிய ஈரை இரண்டு நகத்துக்கிடையே வைத்து உருவுவாள். முடிந்ததும் சீப்புகளைக் கொதிநீரில் போடுவாள். தலையணை உறையும் துண்டும் அன்றே வெந்நீரில். மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒன்றும் வராதவரை. ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஒன்றும் வராவிட்டாலும் இரண்டு வாரம் தொடர வேண்டும் என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

பின்முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் பிள்ளைகள் மாறி மாறி உட்காருவார்கள். மைத்துனி தலையை மூத்தவள் சீவுவாள். நான் சிறு மேஜையில் வெள்ளைத்தாளை விரித்து, பூதக்கண்ணாடியால் பார்த்து எண்ணி, நோட்டில் எழுதுவேன். நோட்டில் மூன்று கட்டங்கள்: மூத்தவள், இளையவள், சித்தி. பெரியது, குட்டி, ஈர் என்று ஒவ்வொன்றிலும் மூன்று உட்பிரிவு.

"ஆணா பெண்ணான்னு ஒரு பிரிவு போடலியா அத்தான்?"

"அது கண்ணுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா போட்டிருப்பீங்க. அதான் கேட்டேன்."

சரிபார்க்க இரண்டாவது ஆள் வேண்டும். இளையவள்தான் அந்த ஆள். தன் தலையைச் சீவி முடித்ததும் ஈரத்தோடு ஓடிவந்து என் மடியில் ஏறுவாள். பூதக்கண்ணாடி சிறியது. இருவரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமானால் காதோடு காது ஒட்ட வேண்டும். அப்படியே ஒட்டிக்கொண்டு இருவரும் எண்ணுவோம். அவள் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் ஒத்துவந்தால் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சுழி போடுவாள். அதுதான் அவள் கையெழுத்து.

ஜூன் 19, 22, 25 ஆகிய மூன்று நாளும் பூஜ்யம் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். 28ஆம் தேதி இளையவள் தலையில் நான்கு. நான்கும் பெரியவை. பொரிந்து வந்த குட்டிகளாக இருந்தால் சிறியதாக இருக்கும். பெரிதாக இருப்பதால் எங்கிருந்தோ முழுதாக ஏறியிருக்கிறது என்று முடிவு செய்தேன். அந்த முடிவும் சரியானதே.

எங்கிருந்து என்பதை அடுத்த பத்து நாள் ஆராய்ந்தேன். பேன் முழுதாகப் போகும்வரை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தேன். பிள்ளைகள் வெளியே விளையாடப் போகவில்லை. வீட்டைவிட்டுப் போய்வருபவள் மைத்துனி. ஜூன் 20ஆம் தேதி அவளை இஸ்திரி மேஜையிலிருந்து வார்டுகளின் அழுக்குத்துணி வாங்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தத் தேதியும் என் நாட்குறிப்பில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பொருந்தியது. நானும் தினமும் வீட்டைவிட்டுப் போய்வருபவன்தான் என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை. மானியைப் படிக்கிறவனை மானி காட்டுவதில்லை.

ஜூலை 8 மாலை அவள் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் நோட்டைக் காட்டினேன்.

"என்ன அத்தான், பரிட்சை வைக்கப் போறீங்களா?"

"இருபதாம் தேதி உன்ன அழுக்குத்துணிப் பக்கம் மாத்தினாங்க. இருபத்தெட்டாம் தேதி பேன் திரும்ப வந்திருக்கு. அதுக்கு முன்னால மூணு தடவ பூஜ்யம். நீயே பாரு."

அவள் சிரிப்பு நின்றது. பக்கத்தைப் பார்த்தாள். "என் கட்டத்துல ஒண்ணு, ரெண்டுதானே இருக்கு?"

"நீ கொண்டு வர்றே. தங்கறது பிள்ளைங்க தலையில. சின்னவ உன் பக்கத்துலதானே படுக்கறா?"

இந்த விளக்கத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. எண்கள் சொல்லாததை நான் சொன்னேன். அவள் விரலை வரிசை வரிசையாக நகர்த்திப் படித்தாள். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் சுழி இருந்தது.

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மறுநாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சலவைக்கூடத்திலிருந்து கொண்டுவந்த, விரிப்பு வெட்டும் பெரிய கத்தரியால் முடியைக் கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு வந்தாள். இளையவள் பார்த்ததும் ஓவென்று அழுதாள்.

"ஏண்டி அழறே? நல்லா காத்தோட்டமா இருக்கு. உனக்கும் வெட்டிவிடவா?" என்று கத்தரியை ஆட்டினாள். அழுகை நின்றது. மூத்தவள் மட்டும் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

ஜூலை 10 அன்று 6. ஜூலை 13 அன்று 8. முடியை வெட்டிய பிறகும் வருகிறதென்றால் காரணம் சலவைக்கூடம்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஜூலை 14 அன்று சலவைக்கூடக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அழுக்குத்துணிப் பிரிவில் பேன் பரவுகிறது, விசாரிக்க வேண்டும் என்று கேட்டு, என் அட்டவணையின் நகலையும் இணைத்து, அன்றே ஆள்மூலம் கொடுத்தனுப்பினேன். மைத்துனியிடம் கேட்கவில்லை. அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் என்று இங்கே எழுதலாம். அது முழு உண்மை இல்லை. என் அட்டவணையை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

கண்காணிப்பாளர் துணியை விசாரிக்கவில்லை, அவளை விசாரித்தார். உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னிலும் அவள் தலையைப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவள் உடை வைக்கும் அலமாரியைத் தூக்கி வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டார்கள். எதிரே நின்று விரிப்பின் மறு முனையைப் பிடிக்க ஆள் வரவில்லை.

16ஆம் தேதி பெட்டியை எடுத்துக்கொண்டு வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போனாள். "கொஞ்ச நாள் தள்ளி இருக்கேன் அத்தான். சுத்தமானதும் வர்றேன்." இளையவள் ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போனபோது ஒரு கையை நீட்டித் தடுத்தாள். "தள்ளி நின்னு டாட்டா சொல்லு, போதும்."

19ஆம் தேதி 5. 22ஆம் தேதி 6. 'மிச்சம்' என்று குறிப்பு எழுதினேன்.

ஜூலை 24 ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். முடிவெட்டுபவர் என் பின்மண்டையில் சீப்பை வைத்தவர் நின்றுவிட்டார். அடுத்த நாற்காலியில் ஆள் இருந்ததால் குனிந்து காதில் சொன்னார்.

"சார், வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா?"

"ரெண்டு பேர்."

"அதான். தப்பா நினைக்காதீங்க. காதுக்குப் பின்னால குடித்தனமே நடக்குது. சீவி எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க, நல்லா வெட்டி விடறேன்."

"எனக்கு வழுக்கை" என்றேன். அந்த நேரத்தில் தோன்றிய பதில் அதுதான்.

"மேலதான் சார் வழுக்கை. சுத்தி நல்லா அடர்த்தியாத்தானே இருக்கு? அதுங்களுக்கு அது போதும்."

அரிப்பு இல்லாமல் இல்லை. பொடுகு என்று நினைத்திருந்தேன். வரும் வழியில் மருந்துக்கடைக்காரரிடம் துணியில் பேன் வருமா என்று கேட்டேன். தலையைவிட்டு இறங்கினால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும், வெந்நீரில் வெளுக்கிற துணியில் வராது, தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும் என்றார். தலையோடு தலை ஒட்டினால் என்று அவர் சொன்னபோது என் காதில் இளையவளின் ஈரக் காது ஒட்டுவது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெள்ளைத்தாளின்மேல் குனிந்து சீவினேன். இருபத்தேழு. என் வாழ்நாளில் எண்ணிவிட்டு எழுதாத எண்ணிக்கை அது ஒன்றுதான். நோட்டில் எனக்குக் கட்டம் இல்லை. ஒரு கோடு இழுத்திருந்தால் கட்டம் ஆகியிருக்கும்.

அதன்பிறகு நீரேற்று நிலையத்துக் குளியலறையில் மூன்று நாளுக்கு ஒருமுறை, யாருக்கும் தெரியாமல், அவள் சொன்ன முறைப்படியே சீவினேன். பூதக்கண்ணாடியை இளையவளிடம் கொடுத்துவிட்டு நான் தள்ளி உட்கார்ந்தேன். ஆகஸ்ட் 6 முதல் பிள்ளைகள் தலையில் பூஜ்யம். ஆகஸ்ட் 21 அன்று நோட்டில் 'முடிந்தது' என்று எழுதினேன்.

இளையவள் சுழி போட்டுவிட்டுக் கேட்டாள்: "சித்தி போனதாலதான் போயிடுச்சாப்பா?"

"ம்" என்றேன்.

என் குற்றம் இன்னதென்று யாராவது கேட்டால் நான் காட்ட வேண்டியது அட்டவணையை அல்ல, கடிதத்தையும் அல்ல. அந்த 'ம்' என்ற ஒலியை. அட்டவணையும் கடிதமும் தெரியாமல் செய்தவை.

மைத்துனிக்கு எழுதினேன்: 'வீடு சுத்தமாகிவிட்டது. நீ வரலாம்.' காரணம் எழுதவில்லை. அவள் பதில் எழுதினாள்: 'வேண்டாம் அத்தான். நான் வந்தா திரும்பவும் வந்துடும். பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்.' ஆகஸ்ட் 31 அன்று சலவைக்கூட வேலையை விட்டுவிட்டு, வேறொரு நகரத்தில் பயணிகள் தங்கும் ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் சேர்ந்தாள். கண்காணிப்பாளருக்கு உண்மையை எழுத ஆறு முறை தொடங்கினேன். ஆறும் முதல் பத்தியிலேயே நின்றன. சீவியது யார், எண்ணியது யார் என்பதுவரை எழுதுவேன். அதற்கு அடுத்த வாக்கியம் வரவில்லை.

அவள் பிள்ளைகளுக்கு மாதம் தவறாமல் எழுதினாள். விடுதிக் கொதிகலன் போடுகிற சத்தம், விருந்தாளிகள் தலையணை உறைக்குள் மறந்துவிட்டுப் போகும் பல்செட்டு என்று வேடிக்கையாக எழுதுவாள். எனக்கு அடியில் ஒரு வரி: 'அத்தான் உடம்பைப் பாத்துக்கோங்க.' வருடத்துக்கு ஒருமுறை நேரில் வருவாள். முடி எப்போதும் கழுத்துக்கு மேலேதான். பிள்ளைகளிடம் கேலி குறையவில்லை. ஆனால் எப்போதும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருவாள்.

1998 மார்ச் மாதம் மூத்தவளுக்கு மகள் பிறந்தாள். பார்க்க வந்த மைத்துனி தலையைத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள். மூத்தவள் குழந்தையைக் கையில் கொடுத்ததும் முழங்கால்மேல் கிடத்திக்கொண்டு, தன் தலையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தாள்.

"என்ன சித்தி, வெடிகுண்டையா குடுத்தேன்? நெஞ்சோட அணைச்சுக்கோங்க."

"இப்படி வச்சாத்தாண்டி மூஞ்சி நல்லாத் தெரியுது" என்றாள். கழுத்து வலிக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. பன்னிரண்டு நிமிடம் அப்படியே இருந்தாள். அந்த அறையில் அவளைத் தவிர அதன் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எதிர் நாற்காலியில் இருந்தேன். 

அப்போது சொல்லியிருக்கலாம். பதினைந்து வருடம் கழித்துச் சொல்வதா என்று தயங்கினேன். பிறகு இருபது வருடமாயிற்று, முப்பதாயிற்று. நாள் ஆக ஆக, சொல்ல வேண்டியது வளர்ந்துகொண்டே போனது. பேன் பற்றிய ஒரு வாக்கியமாக இருந்தது, அவள் ஆயுளைப் பற்றிய வாக்கியமாகிவிட்டது.

2019 பிப்ரவரி 27 அன்று இளையவள் தொலைபேசியில் பேசினாள். அவள் மகளுக்கு ஏழு வயது.

"பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல பேன் ஒட்டிக்கிச்சுப்பா. உங்க நோட்டைத் தூசி தட்டி எடுங்க."

பின்னாலிருந்து குழந்தை கத்தியது: "தாத்தா, எனக்குச் சித்திப் பாட்டி பூச்சி வந்திருக்கு!"

"அது என்ன பேரு?" என்றேன்.

"நாங்க சும்மா அப்படிச் சொல்றதுதான்பா. சித்தி வந்தா பேன் வரும்னு சின்ன வயசுல சொல்லுவோமே."

நான் அறியாமல், என் வீட்டில், முப்பத்தாறு வருடமாக அந்தப் பெயர் புழங்கியிருக்கிறது. வயதாகி அவள் வருவது நின்றபின் பிறந்த, அவளைப் பார்த்தே இராத ஒரு குழந்தையின் வாய்வரை வந்துவிட்டது.

மார்ச் 2 அன்று மைத்துனிக்கு எழுதினேன். முடிவெட்டுபவர் சொன்னதை எழுதினேன். இருபத்தேழு என்ற எண்ணை எழுதினேன். இளையவளும் நானும் காதோடு காது ஒட்டி எண்ணியதை, துணிக்கும் பேனுக்கும் தொடர்பில்லை என்று அன்றே தெரிந்துகொண்டதை, இளையவளிடம் சொன்ன 'ம்' என்பதை, எல்லாவற்றையும் தேதியோடு எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி அடித்தேன். கேட்க எனக்கு முகமில்லை. மார்ச் 10 அன்று இரண்டு மகள்களையும் வரவழைத்து அதே கடிதத்தின் நகலைப் படிக்கக் கொடுத்தேன். மூத்தவள் படித்துவிட்டு எழுந்து போனாள். இளையவள், "அந்தச் சுழியெல்லாம் நான் போட்டதுப்பா" என்றாள். 

ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு வந்தது. அவள் எழுத்தை அப்படியே தருகிறேன்.

'அத்தான், உங்க கடுதாசி கிடைச்சுது. மூணு நாளைக்கு ஒரு தடவ தலைய சீவி வெள்ளைத்தாள்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னிக்கு வரைக்கும். ஒரு தடவகூட ஒண்ணும் விழுந்ததில்ல. ஆனா தாளை நம்பல, உங்க நோட்டைத்தான் நம்பினேன். தப்பா எழுத மாட்டாருன்னு எங்க அக்காவே சொல்லியிருக்கா.

உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். இங்க விடுதியில கொதிகலன் பாத்தவர் ஒருத்தர் என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டார். நல்ல மனுஷன். தொண்ணூத்தொண்ணுல. பொண்டாட்டி இல்ல, ஆறு வயசுல ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு என்னோட நல்லா ஒட்டிக்கும். அதனாலதான் வேண்டாம்னுட்டேன். ஏன்னு கேட்டார். என்னன்னு சொல்றது? அவர் இப்ப இல்ல.

பிள்ளைங்க ரெண்டும் போன்ல அழுதாங்க. அவங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன், பேசுவேன். பேத்திய அழைச்சுட்டு வரச் சொல்லியிருக்கேன். சலவைக்கூடத்துக்கு எழுதினீங்களே, அந்த மாதிரி இதையும் நாலு பேர் படிக்கற மாதிரி எங்கயாவது எழுதிப் போடுங்க. எனக்கு இனிமே எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.'

அடியில் வழக்கமான அந்த ஒரு வரி இல்லை. சலவைக்கூடம் இப்போது இல்லை, கண்காணிப்பாளரும் இல்லை. அதனால் இங்கே எழுதினேன். பேன் என் தலையில் இருந்தது. அவள் கொண்டுவரவில்லை.

அவளுடைய கடைசிக் கடிதம் எனக்கு வந்துசேர்ந்த தேதி 11.4.2019.